சுவரைப் பார்த்து நின்ற கார்

"எனக்க மாப்பிள கேக்காம காரை எடுத்துட்டுப் போனாராம், அண்ணாச்சி. போலீசுல பிடிச்சுக் குடுப்பேன்னு முதலாளி மிரட்டுகாரு. அவரு களவாணி இல்ல."

தாணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவன் இசக்கி, தோவாளைப் பூ வியாபாரி நாராயணபெருமாளின் கார் டிரைவர். ஞாயிறு விடியற்காலையில் ஆரல்வாய்மொழிச் சாலையில் கார் பாறையில் மோதியது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன் என்பது முதலாளியின் பேச்சு.

போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்புத்துலக்கிவந்த குமாரதாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அருகே நாற்காலி நுனியில் இருந்தவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பக்கீர் முகம்மது. துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். காலாவதியாகிக் கிடந்த அந்தக் கார் பாலிசியைச் சனிக்கிழமை புதுப்பித்துக் கொடுத்ததும் அவன்தான்.

"இசக்கி என்ன சொல்லுகான்?"

"காய்ச்சல்ல பெனாத்துகாரு. காலை எடுக்கணுமாம். சேர்த்த அன்னைக்குக் காலையிலேயே புண்ணுல இருந்து புழுவா எடுத்தாவ."

குமாரதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கு முன்னால எப்பம் பாத்தே?"

"புதன்கிழமை. பெறவு திற்பரப்புக்கு ஓட்டம் போயிருக்கான்னு முதலாளி சொன்னாரு."

மூவரும் ஆரல்வாய்மொழிக்குப் போனார்கள். பாறையோரம் நின்ற காரின் முகம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அதன்மேல், வாடியிருந்தாலும் ஓர் இதழும் கசங்காத பிச்சிப்பூ மாலை.

"முதலாளி பக்தியான ஆளு, அண்ணாச்சி. தினமும் விடியக்காலம் புது மாலை போடாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு" என்றான் பக்கீர்.

குமாரதாஸ் நசுங்கிய தகரத்துக்குள் விரலை விட்டு இன்னொரு மாலைத் துண்டை உருவினார். காய்ந்து, பழுப்பேறி, ரேடியேட்டரோடு அரைபட்டுக் கிடந்தது அது.

"சனிக்கிழமை காரைப் பாத்துத்தானே புதுப்பிச்சே?"

"ஷெட்டுல பாத்தேனே. பின்பக்கம் நல்லாத்தான் இருந்தது."

"முன்பக்கம்?"

பக்கீருக்கு அப்போதுதான் உறைத்தது. மாலை ரோட்டுக்குத் தெரியட்டும் என்று எப்போதும் முகம் வெளியே பார்க்க நிறுத்துகிற மனிதர், அன்று மட்டும் காரைச் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

நாராயணபெருமாள் ஷெட்டை ஒட்டிய பூக்கிடங்கில் இருந்தார். மருக்கொழுந்து மணத்தையும் மீறி மூலையிலிருந்து ஓர் அழுகல் நாற்றம் வந்தது. "வாங்க, காப்பி குடிக்கியளா?"

"வேண்டாம் ஓய். ஞாயித்துக்கிழமை மோதின காருல நசுங்க வேண்டியது அன்னைக்குப் போட்ட புது மாலை. நசுங்கினது பழசு. புதுசு குலையாம இருக்கு. காலம்பற அடிபட்ட கால்ல காலம்பறயே புழு வைக்குமா? புதன்கிழமையே மோதியாச்சு. அன்னைக்குப் பாலிசி உயிரோட இல்ல. அதனால காரை ஷெட்டுலயும் டிரைவரை இங்கயும் ஒளிச்சு வச்சீரு. புதுப்பிச்ச ராத்திரியே காரை இழுத்துட்டுப்போய் பாறையில சாத்தினீரு. விடிஞ்சதும் கைப்பழக்கத்துல மாலையும் போட்டீரு."

மூலையில் குவிந்திருந்த சாக்குகளைப் பக்கீர் இழுத்தெறிந்தான். கீழே ஒரு கட்டில். கயிற்றில் சீழும் ரத்தமும் உறைந்திருக்க, சுற்றிலும் கட்டுக்கட்டாக மருக்கொழுந்து கருகிக் கிடந்தது. ஷெட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரே சுவர். சனிக்கிழமை அந்தச் சுவரில் சாய்ந்துதான் பக்கீர் காப்பி குடித்தான், கொழுந்து என்னமாய் மணக்கிறது என்று புகழவும் செய்தான். மறுபக்கம் ஒரு மனிதன் அழுகிக்கொண்டிருந்திருக்கிறான்! சீ, இதுவும் ஒரு பிறவியா?

"அன்னைக்கு எனக்கு ஒரு முனகலும் கேக்கலியே. வாயில துணியா வச்சீரு?" என்றான்.

"சத்தம் போட்டா பின்ன என்ன செய்ய?" என்றார் நாராயணபெருமாள். "கால் சரியாயிரும்னுதான் நெனச்சேன். கஞ்சி குடுத்தேனே."

குமாரதாஸ் முன்பே சொல்லியனுப்பியிருந்த போலீஸ் வாசலில் வந்து நின்றது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்த முதலாளி, பக்கீரின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"இனி பாலிசி செல்லாதுன்னா, நான் கெட்டின பிரீமியம் திரும்பக் கிடைக்குமாடே?"

பக்கீர் அவர் காலடியில் காறித் துப்பினான். தாணம்மாள் மட்டும் கட்டிலைவிட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டாள்:

"அவருக்க கால் கிடைக்குமா, முதலாளி?"