சுவரேறிய ஆமணக்கு

"என் புருஷனை நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க டாக்டரம்மா."

சோபா தைப்பவரின் மனைவி அதைச் சொன்னபோது குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அடுத்த பேருந்து எப்போது என்று விசாரிப்பவள் போலச் சொன்னாள். கணவன் கண்ணை மூடிய நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே மரத்துப்போயிருந்தது. தலை வாருகிறாள், கதவைப் பூட்டுகிறாள். வேறு யாரோ செய்வதுபோல இருந்தது.

எதிரே இருந்த டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் 'காய்ச்சல் போலீஸ்' என்று பட்டப்பெயர். காரணம் தெரியாத காய்ச்சலில் யாராவது இறந்தால், ஏன் என்று துருவிப் பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. பக்கத்தில் பரிசோதனைக்கூடத்துக்காரர். தலை நரைத்தும் அவசரம் அடங்காத மனிதர். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

"யாரு சொல்றாங்க?"

"கொழுந்தன் பொண்டாட்டி. இப்ப கொழுந்தனுக்கும் அதே காய்ச்சல், மேல வார்டுல கிடக்குறாரு. அண்ணனும் தம்பியும் வீட்டுக்குப் பின்னால பட்டறையில ஒண்ணாத்தான் வேலை பார்த்தாங்க."

"எதை வெச்சு உங்க மேல பழி போடுறாங்க?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கணவனின் முழங்கால் மடிப்பில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. அவள் வைத்த சூடாம் அது. பிறகு காய்ச்சல். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள். பட்டறைக்குப் பின்னால் ஆமணக்குச் செடி நிற்கிறது, அதன் விதை விஷம். அந்த விதைகளைப் பட்டறைக்குள்ளேயே கொழுந்தன் மனைவி பார்த்தாளாம்.

"நீ மட்டும் எப்படி நல்லா இருக்கேன்னு கேக்குறா. எனக்குத் தூசி ஆகாது, இழுப்பு வந்துடும். பட்டறைப் பக்கமே போறதில்ல. சொன்னா யாரு நம்புறா?"

"மேடம், ஆமணக்கு விஷமேதான்," என்று பரிசோதனைக்கூடத்துக்காரர் எழுந்துவிட்டார். "செடியைப் பிடுங்கிட்டு வந்துடவா?"

"செடி எங்கயும் ஓடிடாது, உட்காருங்க." டாக்டர் அவளிடம் திரும்பினார். "கடைசியா என்ன வேலை வந்துச்சு?"

"ஒரு பங்களாவுலருந்து பழைய சோபா. கால் பூரா பல்லுத் தடம். பங்களாக்காரருக்கு நல்ல பசி போலிருக்குன்னு இவரு கேலி பண்ணாரு."

பரிசோதனைக்கூடத்துக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

மூவரும் வார்டுக்குப் போனார்கள். கொழுந்தன் பிதற்றிக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி இவளைக் கண்டதும் கட்டிலை மறைத்து நின்றாள். டாக்டர் அவளை மெல்ல விலக்கிவிட்டு நோயாளியின் உடம்பைத் தலைமுடியிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தேடிக்கொண்டு வந்தார். இடுப்புத் துணியின் அடியில் கறுப்பாக ஒரு பொருக்கு.

"இவருக்கு யாரும்மா சூடு வெச்சது?"

கொழுந்தன் மனைவி குனிந்து அந்தப் பொருக்கைப் பார்த்தாள்.

"சரி, அந்த ஆமணக்கு விதையை எங்க பார்த்தீங்க?"

"காலையில சோபா பக்கத்துல தரையில கிடந்துச்சு. சாயங்காலம் பார்த்தா சுவத்துல, கூரை ஓரமா ஒட்டியிருந்துச்சு. இவதான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கா."

"ஒளிக்கிறவங்க வெறும் சுவத்துலயா ஒட்டி வெப்பாங்க? விதை தானாச் சுவரேறாதும்மா. நீங்க பார்த்தது உண்ணி. நாய் ரத்தம் குடிச்சு உப்பின உண்ணி, ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். முட்டை போட சுவத்துல ஏறி இடுக்கு தேடும். பசியோட இருக்கிற சின்ன உண்ணி எள்ளு அளவுதான். கடிச்சாலும் தெரியாது. அதுல கிருமி இருந்தா, கடிச்ச இடம் இப்படிக் கறுத்துப்போகும். அப்புறம் காய்ச்சல், உள்ளங்கையில புள்ளி. பட்டறைக்குப் போனவங்களுக்கு வந்திருக்கு, போகாதவங்களுக்கு வரல."

"எங்க வீட்டுல நாயே கிடையாதே," என்றாள் கொழுந்தன் மனைவி.

"சோபா காலைக் கடிச்சது யாரு?"

பரிசோதனைக்கூடத்துக்காரர் அதற்குள் வராந்தாவுக்கு ஓடி, பங்களாவுக்குப் போன் போட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார். "நாய் அதுலதான் படுக்குமாம் மேடம். காய்ச்சல்ல சுருண்டு செத்துப்போச்சாம். நாத்தம் போகணும்னு துணி மாத்தக் கொடுத்திருக்காங்க."

ரத்தப் பரிசோதனை முடிவுக்கு டாக்டர் காத்திருக்கவில்லை; உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தை உடனே தொடங்கச் சொன்னார். பரிசோதனைக்கூடத்துக்காரர் பட்டறைக்குப் போய் ஒரு குப்பியோடு வந்தார். கொழுந்தன் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். உள்ளே 'விதை' கால்களை அசைத்தது. குப்பியைத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கொழுந்தன் தண்ணீர் கேட்டார், மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொன்னது.

வராந்தாவில் சோபா தைப்பவரின் மனைவி டாக்டரை நிறுத்தினாள். "இதே மருந்தை அவருக்குக் கொடுத்திருந்தா?"

டாக்டர் கையிலிருந்த சீட்டை மடித்தார். "ஆரம்பத்துலயே கொடுத்திருந்தா, அநேகமா பிழைச்சிருப்பாரு."

"யாருக்கும் தோணலையா?"

"தோணல. தோணியிருக்கணும்."

அவள் தலையாட்டினாள். மனசுக்குள் எதுவும் நடக்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் மனைவி வந்து எதிரே நின்றாள். கையிலிருந்த டீயை நீட்டினாள். இவள் வாங்கி ஒரே வாயாகக் குடித்தாள். நாக்கு வெந்துபோயிற்று. சுடுகிறது என்று தெரிந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம், ஏதோ ஒன்று தெரிந்தது.

"ஆத்தித் தரட்டுமா அக்கா?"

"வேணாம். சுடட்டும்."