ஆறு மணிக்குள் ஒரு பெயர்

“முடி கிடந்துச்சா?”

“முடி இல்லக்கா. வெடிச்ச காய். நீங்களே பாருங்க, ஒரு கையளவு வெடிச்ச காய்.”

“ஒண்ணு ரெண்டு கண்ணுக்குத் தப்பிப் போறதுதான தம்பி.”

“ஒண்ணு ரெண்டா? நாப்பத்தி நாலு பேரு ஒத்த ஸ்டார் குத்திருக்கான். கடையவே பூட்டப் போறாங்க.”

போனை நீட்டியவன் சூர்யபிரகாஷ். ‘மேல்மலை ஏலம்’ என்ற பெயரில் இணையத்தில் ஏலக்காய் விற்கும் முதலாளி, வயது முப்பத்தொன்று. சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு போடிக்குத் திரும்பி, காலியாகக் கிடந்த பருத்திக் குடோன் ஒன்றைப் பிடித்து நாலு வருடமாகிறது. போனை வாங்கியவள் சந்திரவல்லி. அந்தக் குடோனில் காய் பொறுக்கிப் பாக்கெட் போடும் இருபத்திரண்டு பெண்களுக்கும் மேற்பார்வை அவள்தான். காயை விரலில் உருட்டினாலே எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி பொய்.

காலை மணி 11.40.

மூன்று புகைப்படங்கள். மூன்றிலும் கிழித்த பாக்கெட், பக்கத்தில் செய்தித்தாள் மேல் கொட்டிய காய்கள். காம்பும் கருகிய பூநுனியுமாக அவை வாய் பிளந்து கிடந்தன. கீழே ஒரே மாதிரி வாசகம்: ‘பொறுக்காமல் குப்பையை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். வாங்காதீர்கள்.’

“இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள டெல்லி ஆபீசுக்குப் பதில் போகணும்,” என்றான் சூர்யபிரகாஷ். அவர்கள் பொருளை விற்றுக் கொடுக்கும் இணையச் சந்தையின் ஆபீஸ் அது. “என்ன தப்பு, யாரு செஞ்சது, அந்த ஆளை என்ன செஞ்சீங்க. மூணுக்கும் பதில் இல்லைன்னா கடை போச்சு.”

“யாரு செஞ்சதுன்னு எழுதப் போறீக?”

“பாக்கெட் நம்பரப் பாருங்க. மூணும் மூணாம் மேசை.”

மூணாம் மேசையில் கடைசியாகப் பொறுக்கிப் பாக்கெட் போடுபவள் ஒச்சம்மாள். கதவோரம் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஐம்பத்தாறு வயது. முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போனதால்தான் காய் பறிக்கும் வேலையை விட்டு இங்கே வந்து உட்கார்ந்தவள். குப்பை போட்டாள் என்று இங்கே வெளியே தள்ளினால், போடியில் வேறு எந்தக் குடோனும் அவளை வாசல்படி ஏற விடாது.

“சத்தியமா நான் போடல தம்பி,” என்றாள். “கண்ணு நல்லாத் தெரியுது எனக்கு. கைதான் மெதுவு.”

“கண்ணு தெரிஞ்சா இது எப்படி வந்துச்சு?”

ஒச்சம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். அவை யாருடையவோ என்பதுபோல.

சுவரில் பெரிய டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. சூர்யபிரகாஷின் பெருமை அது. ஆறு மேசைகள், காய் அனுப்பும் மூன்று ஸ்டோர்கள், எல்லாவற்றுக்கும் நேராக ஸ்டார். மலையில் ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். வாங்கியவர்கள் குறை சொன்னால் அது யார் பக்கமோ அவர்களுக்கு ஸ்டார் குறையும். பார்சல் ஒருநாள் பிந்தினாலும் குறையும். மாதக் கடைசியில் எந்தப் பெயர் அடியில் நிற்கிறதோ, மேசையோ ஸ்டோரோ, அது கழற்றிவிடப்படும். மூணாம் மேசை போன வாரம் வரை கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்தது. இப்போது கடைசி.

“எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க தம்பி.”

“அஞ்சே முக்கால் வரைக்கும் தர்றேன். அதுக்கு மேல நான் அனுப்பிருவேன். என்னால இருபத்திரெண்டு பேரையும் மொத்தமாப் பலி குடுக்க முடியாதுக்கா.” இரண்டு நாளாக அவன் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

மதியம் 12.15.

“மொதப் புகார் எப்ப வந்துச்சு?”

“ஞாயித்துக்கிழமை பதினொண்ணு பத்து.”

“அடுத்தது?”

“பதினொண்ணு பதினாறு. மூணாவது இருபத்திரெண்டு.”

“மிச்சம் நாப்பத்தொண்ணு?”

“திங்கக்கிழமைக்கு மேல. யாரோ அந்த போட்டோவ எடுத்துப் பரப்பி விட்டுட்டாங்க. வாங்காதவனெல்லாம் வந்து குத்துறான்.”

“அதுல எதுலயாச்சும் போட்டோ உண்டா?”

“இல்ல.”

“அந்த மூணு பேரும் எந்த ஊரு?”

“ஊரு மட்டுந்தான் நமக்குக் காட்டும். மூணும் கோயம்புத்தூர்.”

“கோயம்புத்தூர்ப் பார்சல் எல்லாம் மூணாம் மேசைதான போடுது?”

“ஆமா. அது நம்ம ஆளுக எல்லாருக்கும் தெரியுமே.”

“அதான்,” என்றாள் சந்திரவல்லி. “நம்ம ஆளுகளுக்குத்தான் தெரியும்.”

மதியம் 1.30.

மற்ற பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒச்சம்மாள் தன்னுடையதைத் திறக்கவே இல்லை. சந்திரவல்லி புகைப்படத்தை டி.வி.யில் பெரிதாகப் போடச் சொன்னாள். ஒவ்வொரு காயும் பரங்கிக்காய் அளவுக்கு வந்து நின்றது. புகார் வந்த பாக்கெட்டுகளைப் போட்ட அதே நாளில் மூணாம் மேசையில் போட்டு, அனுப்பாமல் மிஞ்சிய பாக்கெட் ஒன்றைக் கிழித்துத் தாளில் கொட்டினாள். பச்சை மணிகள் வழவழவென்று உருண்டோடின. தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

பிறகு மேலே இரண்டு ஸ்டோர்களுக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்: “புது மிஷின் எப்படி ஓடுது?” இரண்டு இடத்திலும் ஒரே பதில். உலர்ந்த காய் வெளியே வராமல் அப்படியே தேய்க்கிற உருளைக்குள் போய்விடுகிறது, ஆளே கை வைக்க வேண்டாம், சுகம்.

“சின்ராசு, ஜீப்ப எடு.”

“எங்கக்கா?”

“குரங்கணிக்கு மேல. வேலுச்சாமி அண்ணன் ஸ்டோருக்கு.”

பிற்பகல் 2.10.

“இந்த ரோட்டுல வெரசாப் போகச் சொல்றது, எருமைய ஓடச் சொல்ற மாதிரிக்கா,” என்றான் சின்ராசு. “அதுக்கும் மனசு வரணும், எனக்கும் மனசு வரணும்.”

“உனக்கு வந்தாப் போதும். ஒச்சம்மா மதினி சோறு திங்கல.”

அதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. ஐப்பசி மழை ரோட்டை இரண்டு இடத்தில் அறுத்திருந்தது. குரங்கணி தாண்டி ஒரு வளைவில் போனில் இருந்த கடைசி சிக்னல் கோடும் செத்தது. அதற்கு மேலே மரங்களும் மேகமும்தான். உலகத்திலிருந்து யாரோ தங்கள் பேரை அடித்துவிட்டதுபோல அவளுக்கு இருந்தது.

மாலை 3.40.

ஸ்டோரில் விறகு அடுப்பு கணகணத்தது. உலர்ந்த காயைச் சூடு ஆறும் முன் கம்பி வலையில் கொட்டி, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார் வேலுச்சாமி. வலைக்கு அடியில் காம்பும் பூநுனியும் உமி மாதிரி உதிர்ந்து குவிந்திருந்தன.

“வா ஆத்தா வல்லி. என்ன இம்புட்டுத் தூரம்?”

“உங்க மக நிலா தீவாளிக்கு வந்துருந்தாளாண்ணே?”

“வந்தா. நாலு நாளு.”

“கோயம்புத்தூர் ஆஸ்டல்ல எல்லாம் சௌக்கியமா?”

“இருக்கா.” சாக்குக் கை நின்றது. “எதுக்குக் கேக்குற?”

அவள் இன்னும் தேய்க்காத குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“இதுல காம்பு இருக்கு. பூநுனி இருக்கு.”

“தேய்க்காத காயில இருக்கத்தான செய்யும்.”

“அந்தப் போட்டோவுல இருக்குற காயிலயும் இருக்குண்ணே. ஒண்ணு விடாம. போடிக்கு வர்ற காயில அது இருக்காது. இங்கயே தேஞ்சு போயிரும். எங்க பொம்பளைக வெடிச்ச காய வேணும்னே போட்டாலும், அது மொட்டையாத்தான் இருக்கும். காம்போட ஒரு காய் மூணாம் மேசைக்கு எங்கருந்து வரும்?”

அவர் அந்தக் காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மத்த ரெண்டு ஸ்டோர்லயும் மிஷினு. காய் காம்போட வெளிய வராது. கையால தேய்க்கிறது நீங்க மட்டும்தான். போன வாரம் வரைக்கும் அந்த டி.வி. பலகையில மூணாம் மேசைக்கும் கீழ நின்னதும் நீங்க மட்டும்தான். மாசம் முடிய ஒம்பது நாளு. உங்களுக்கு அடியில ஒரு பேரு வேணும். அந்த மூணு புகாரும் இங்கருந்து போனது. செஞ்சது நீங்கதாண்ணே.”

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. வேலுச்சாமி தரையில் உட்கார்ந்தார்.

“பாக்கெட்ட அவதான் வாங்கிட்டு வந்தா. நான் வாங்கச் சொன்னேன். மூணையும் கொட்டிப் பாத்தேன் ஆத்தா. ஒச்சம்மா பொறுக்குன காயில ஒத்தக் காய் கெட்டதில்ல. ஒத்தக் காய். அப்புறம்தான் இங்க கிடந்த வெடிச்ச காய அள்ளி வச்சேன். எனக்குக் காய்ன்னா காம்போடதான். அது கண்ணுல உறுத்தவே இல்ல.”

“நிலா போட்டோ எடுத்தா.”

“ஆமா. ஆஸ்டலுக்குப் போயி, கூட இருக்குற பிள்ளைக போன்லருந்து அனுப்புனா. மூணே மூணுதான் ஆத்தா. மூணு போட்டா ஒரு ஸ்டாரு எறங்கும், நான் மேல வந்துருவேன், அம்புட்டுத்தான்னு சொன்னா. கடையவே பூட்டுவாங்கன்னு எங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒச்சம்மா மதினிக்கு மலையேற முடியாதுன்னு தெரியும்ல?”

“தெரியும்.” அவர் தலை நிமிர்ந்தது. “பலகையில என் பேரு அடியில கிடந்தப்ப, நீயும் பாத்துக்கிட்டுத்தான ஆத்தா இருந்த? விறகுல காயுறதுக்கு ரெண்டு நாளு ஆகும், பார்சல் பிந்தும், என் ஸ்டாரு குறையும். அது என் குத்தமான்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா?”

சந்திரவல்லி மணியைப் பார்த்தாள். 4.25.

“ஜீப்புல ஏறுங்கண்ணே.”

மாலை 5.31.

அந்த வளைவில் ஜீப் நின்றது. போனில் ஒரு கோடு முளைத்தது. உடனே வரிசையாக ஏழு தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன. எட்டாவது அடித்தது.

“எங்கக்கா போனீங்க? டைப் பண்ணி வச்சுட்டு உக்காந்துருக்கேன். அனுப்பட்டா?”

“அனுப்பாதீக. ஒச்சம்மா மதினி மேல தப்பில்ல. அந்தக் காய் நம்ம குடோனுக்கே வராத காய். காம்பு தேய்க்காத காய். டி.வி.யில பாருங்க.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரையைப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

“ஐயோ,” என்றான் மெதுவாக. பிறகு வேகம் வந்தது. “சரிக்கா. அப்ப புகாரே பொய். நல்லது. ஆனா அது மட்டும் போதாது. பொய்ப் புகார்னா அதை எழுதுனது யாருன்னு கேப்பாங்க. பேரு குடுத்தா விசாரிச்சுட்டு கடையத் திறந்து விடுவாங்க. பேரு இல்லைன்னா நம்ப மாட்டாங்க. அப்ப எனக்கு மூணாம் மேசைய விட்டா வேற வழி இல்ல. சொல்லுங்க, எழுதுனது யாரு?”

சின்ராசு இஞ்சினை அணைத்தான். பின்சீட்டிலிருந்து வேலுச்சாமி முன்னால் சாய்ந்தார். அவர் சட்டையில் புகை வாசம். சந்திரவல்லி போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“நிலாவ கம்பெனிக்காரன் காலேஜுலயே வந்து வேலைக்கு எடுத்துருக்கான் ஆத்தா. ஜூன்ல சேரணும். பேரு இதுல வந்துச்சுன்னா எடுத்த கையோட தூக்கிருவான்.”

“அண்ணே...”

“அக்கா? லைன்ல இருக்கீங்களா? மணி அஞ்சு முப்பத்தெட்டு.”

“என் பேர எழுதச் சொல்லு. எல்லாத்தையும் வேலுச்சாமிதான் எழுதுனான்னு சொல்லு.” அவர் இரண்டு கையையும் கூப்பினார். சாக்கு சுற்றிய இடத்தில் தோல் வெந்து சிவந்திருந்தது. “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்கறது அந்தத் தம்பிக்குத் தெரியாது. அதை மட்டும் சொல்லாம இருப்பியா ஆத்தா?”