பணியாரம் எங்கெல்லாம் போனது

மஹதியின் வீட்டுக்குப் பணியாரம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளையும் அது தூங்கியே கழித்துவிட்டது.

பணியாரம் என்றதும் நாக்கில் எச்சில் ஊறவேண்டாம். இது ஓர் ஆமைக்குட்டி. ஓடு பார்ப்பதற்கு அப்படியே பணியாரம் போல இருந்ததால் ஸஹ்ரா வைத்த பெயர் அது. ஸஹ்ராவும் மஹதியும் குவைத்தில், அப்பாசியாவில், ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். ஒரே வகுப்பு, பள்ளி பஸ்ஸில் ஒரே சீட்.

ஸஹ்ராவின் வாப்பாவுக்கு வேலை முடிந்துவிட்டதால் அந்தக் குடும்பம் ஒரேயடியாகக் கீழக்கரைக்குக் கிளம்பியது. அப்படிக் கிளம்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். மிக்ஸி மூன்றாம் மாடிக்குப் போனது. சைக்கிள் எதிர்வீட்டுக்குப் போனது. வாங்கி ஒரு மாதமே ஆன பணியாரம் மஹதிக்கு வந்தது.

என்ன தின்னும், எப்போது தண்ணீர் வைக்கவேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதித் தந்தாள் ஸஹ்ரா. "பத்திரமா பாத்துக்கடி. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றாள். ஏர்போர்ட்டுக்கு வேன் கிளம்பியபோது இருவரும் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

வெளியே ஜூலை மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மஹதி வீட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்து, தன் அறையில் ஏ.சி.க்கு நேர் கீழே பணியாரத்தின் பெட்டியை வைத்தாள். குவைத்துக் கோடையில் ஏ.சி.யை யாரும் அணைப்பதே இல்லை. பாவம், குட்டி குளுகுளுவென்று இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பணியாரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கியது. வைத்த கீரை வைத்தபடி வாடியது. மஹதி போய்த் தன் அம்மா ஜலஜாவிடம் முறையிட்டால், "நீயும் பொறந்தப்ப இப்படித்தான். கண்ணத் திறந்தா அழுகை, இல்லன்னா தூக்கம்" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் கீழக்கரையிலிருந்து ஸஹ்ராவின் குரல் வந்தது. உம்மாவின் போனில் பேசி அனுப்பியிருந்தாள். "பணியாரம் என்னடி பண்றான்?"

தூங்குகிறான் என்று சொல்ல மஹதிக்கு வாய் வரவில்லை. தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டோமோ என்று ஸஹ்ரா நினைத்துவிட்டால்? அதனால், "இப்பத்தான் கீரை சாப்பிட்டான். ஹால் வரைக்கும் நடந்து போனான்" என்று பதில் அனுப்பினாள்.

ஒரு பொய் சொன்னால் அதோடு விடுகிறதா? மறுநாள் பணியாரம் சோபாவுக்கு அடியில் போனது. அதற்கு மறுநாள் அப்பாவின் ஷூவுக்குள் புகுந்துகொண்டு வெளியே வரத் தெரியாமல் முழித்தது. பெட்டியிலோ அது அசையவே இல்லை.

ஸஹ்ரா எல்லாவற்றையும் படமாக வரைந்தாள். சோபாவுக்கு அடியில் பணியாரம், ஷூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பணியாரம். படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பினாள். "புது ஸ்கூல்ல எனக்கு யாரையும் தெரியாதுடி. பணியாரம் கதைக்காகத்தான் தினமும் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அதைக் கேட்டு மஹதிக்கு அழுகையாக வந்தது. இனி எப்படி உண்மையைச் சொல்வது?

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, பணியாரத்தைக் கையில் எடுத்தாள். எப்போதும் தொட்டால் காலையாவது உள்ளே இழுக்கும். அன்று இழுக்கவில்லை. கால்கள் துவண்டு தொங்கின. ஓடு சில்லென்று இருந்தது.

மஹதி உடனே ஸஹ்ரா தந்த தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். இதற்கு அதில் ஒன்றுமில்லை. கேட்பதற்கு ஸஹ்ராவை விட்டால் வேறு ஆள் இல்லை. அவளிடம் கேட்டால் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். இனி அவள் பேசவே மாட்டாள்.

போனை எடுத்தாள், வைத்தாள். கையிலிருந்த பணியாரத்தைப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"ஸஹ்ரா, அவன் எங்கயும் போகல. வந்ததுலேருந்து தூங்கிட்டேதான் இருக்கான். நான் சொன்னதெல்லாம் பொய். இப்ப தொட்டாக்கூட அசைய மாட்டேங்கிறான். என்ன செய்யணும்னு சொல்லு."

ஸஹ்ரா கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மணி அடித்தது.

"எங்க வெச்சிருக்கே?" ஸஹ்ராவின் குரல் இறுகியிருந்தது.

"என் ரூம்ல. ஏ.சி.க்குக் கீழ."



"எங்க வீட்ல கிச்சன் ஜன்னல்கிட்டதான் இருந்தான். அவன் சூடான ஊர் ஆமைடி, குளிர் ஆகாது. எழுத மறந்துட்டேன். நீ மொத நாளே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

மஹதி பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

அம்மா சமையலறை ஜன்னலோரத்து டப்பாக்களை மளமளவென்று ஒதுக்கினார். தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாக ஊற்றி, அதில் பணியாரத்தை நிற்க வைத்தார்கள். பிறகு பாதி வெயிலும் பாதி நிழலுமாகப் பெட்டியை வைத்தார்கள். மஹதி பக்கத்திலேயே நின்றாள். "என்னை மன்னிச்சிடு" என்று ஆமையிடம் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது. மெல்ல ஒரு கண் திறந்தது. சாயங்காலம் பார்த்தபோது கீரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கடி இருந்தது.

"கண்ணு திறந்துட்டான். கீரை ஒரு கடிதான்" என்று அனுப்பினாள். கூடவே கடிபட்ட இலையின் போட்டோவையும் அனுப்பினாள்.

பதிலும் வரவில்லை, படமும் வரவில்லை. மறுநாள், "இன்னைக்கு ரெண்டு இலை. மத்த நேரமெல்லாம் தூக்கம்" என்று அனுப்பினாள். ஸஹ்ராவின் சுவரில் இருந்த படங்கள் என்ன ஆயின என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான்காம் நாள், ஸஹ்ரா வரைந்த ஒரு படம் வந்தது. சமையலறை ஜன்னல். அதன் ஓரத்தில் பணியாரம் கண்ணை மூடித் தூங்குகிறது. பக்கத்தில் கடித்த இலை ஒன்று.

மஹதி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீழே ஒரு மூலையில் அப்பாவின் ஷூ இருந்தது. அதற்குள் யாரும் இல்லை.