விளையாடக் கேட்டுப் போன தட்டு

ஞானசேகரத்தார் வீட்டுப் பெண்கள் தெருவில் நின்று சிரிப்பதில்லை. அன்று கடற்கரையில் கஜந்தி சிரித்துவிட்டாள். பிழை அவளுடையதல்ல... மானுடையது.

கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று, அவளுடைய அக்கா மகள் துவாரகியின் கையிலிருந்த பணிஸ் ரொட்டியைப் பறித்துக்கொண்டு நடந்தது. ஐந்து வயதுத் துவாரகி வாய் திறக்கவில்லை. ஊர் மாறி வந்த நாள்முதல் வெளியாட்களோடு அவள் கதைப்பதேயில்லை. சித்தியின் பின்னால் ஒளிந்தாள்.

“விருப்பமெண்டா வாய் திறந்து கேக்கவேணும், குஞ்சு,” என்றாள் கஜந்தி.

“ஏய், குடு! சின்னப்பிள்ளையின்ர சாப்பாடு!” என்றது ஓர் ஆண்குரல்.

ஒருவன் தூறலுக்குள் மானைத் துரத்தினான். மான் நின்றுவிட்டது. அவனால் நிற்க முடியவில்லை... ஈரமணலில் சறுக்கி, கஜந்தியின் காலடியில் விழுந்தான்.

நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய அவளுடைய இமைகள்... அவற்றின் கீழே சிரிப்பை மறைக்கத் தெரியாத கண்கள். எழும்ப மறந்துபோனான்.

“சித்தப்பா, எழும்புங்கோ. மான் சிரிக்குது,” என்றாள் அவனுடைய அண்ணன் மகள் மிதுனா.

துவாரகி களுக்கென்று சிரித்தாள். மிதுனா தன் பணிஸில் பாதியைப் பிய்த்து நீட்ட, கையை நீட்டி வாங்கினாள். கஜந்திக்குக் கண் கலங்கியது.

“நான் இராகுலன். பின்தெருவிலதான் வீடு. பிள்ளையை விளையாட அனுப்புங்கோவன்.”

“அப்பாவைக் கேக்கவேணும்.”

“விளையாடவோ?”

“எங்கட வீட்டில விழுந்தெழும்பவும் கேக்கவேணும்... உங்களைப் போல இல்லை.”

ஞானசேகரத்தார் மறுக்கவில்லை. ஆனால் முறையாகக் கேளாமல் அவர் பேத்தி இன்னொரு முற்றத்தை மிதிப்பதா? வெள்ளிக்கிழமை, இராகுகாலம் கழிய, பட்டுக்கரை வேட்டியோடு, வெற்றிலை பாக்கும் கதலிப்பழச் சீப்பும் வைத்த வெள்ளித்தட்டை ஏந்திப் புறப்பட்டார். சித்தி இல்லாமல் துவாரகி அசையமாட்டாள். ஆகவே கஜந்தியும் போனாள்... சேலை உடுத்தது துவாரகிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு.

போனதும் மிதுனா துவாரகியை மேசைக்குக் கீழே இழுத்துப் போனாள். இராகுலனின் தாய் குணேஸ்வரி தட்டைக் கண்டாள், சேலையைக் கண்டாள். உடனே அலுமாரி திறந்து மகனின் சாதகத்தை எடுத்துவந்தாள்.

“பொம்பிளையையும் கையோட கூட்டிக்கொண்டு சம்பந்தம் பேச வருவியள் எண்டு நினைக்கேல்லை. பரவாயில்லை, காலம் மாறிப்போச்சு.”

ஞானசேகரத்தாரின் முதுகு விறைத்தது. “நான் பேத்தியை விளையாட விடக் கேட்டு வந்தனான்!”

“அதுக்கோ வெத்திலைத் தட்டு?” தகப்பன் ஆனந்தராசா கதிரையை விட்டு எழும்பினார். “எங்கட பெடியனில என்ன குறை?”

“நான் குறை சொல்லேல்லையே!”

“நல்லதும் சொல்லேல்லையே!”

“கஜந்தி, தட்டை எடு. இந்த வாசலை இனி நாங்கள் மிதிக்கிறேல்லை.”

அவள் குனிந்தாள். மேசையிலிருந்த தட்டில் வெற்றிலையும் பாக்கும் மட்டுமே இருந்தன. கன்னம் நிறையக் கதலிப்பழத்தோடு துவாரகி மேசைக்குக் கீழிருந்து தலையை நீட்டினாள்.

“வரமாட்டன்! மிதுனா என்ர ஃப்ரெண்ட்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது துவாரகியா?

“சித்தி, நீங்களும் கேளுங்கோ. விருப்பமெண்டா வாய் திறந்து கேக்கச் சொன்னனீங்கள்தானே?”

கஜந்தி நிமிர்ந்தாள். கதவருகே இராகுலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐயோ, அவனுடைய அந்தப் பார்வை...

“அப்பா... தட்டு இஞ்சயே இருக்கட்டும்.”

“என்னத்துக்கு?”

“நீங்கள் கேக்க வந்ததுக்கு இல்லை...” தட்டைக் குணேஸ்வரியின் பக்கம் நகர்த்தினாள். “இவையள் நினைச்சதுக்கு.”

“ஐயா, எனக்கும் அதுதான் விருப்பம்,” என்றான் இராகுலன். “அண்டைக்கு மணலில விழுந்தனான்... இன்னும் எழும்பேல்லை.”

ஞானசேகரத்தார் பேத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மெல்லக் கதிரையில் அமர்ந்து சால்வையைச் சரிசெய்தார்.

“குடுத்த தட்டைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்கட குடும்பத்தில இல்லை. பழமில்லாத தட்டோட பொம்பிளை குடுக்கிற வழக்கமும் இல்லை. நாளைக்குப் பழத்தோட வாறன்.”

“ரெண்டு சீப்பு, அம்மப்பா!” என்றது மேசைக்குக் கீழிருந்து ஒரு குரல்.