இன்னொருவர் திறந்து வைத்த கோப்பு

கோப்பைச் சேமிக்க விடவில்லை. சுஜா மூன்றாவது முறையும் அழுத்தினாள். மூன்றாவது முறையும் அதே பெட்டி எழும்பி அதே ஆங்கில வரியைக் காட்டியது. இந்தக் கோப்பை இன்னொருவர் திறந்து வைத்திருக்கிறாராம். எந்த இன்னொருவர்? பழவங்காடியில் மாடியில் இருக்கும் இந்த ஃபிளெக்ஸ் கடைக்கு மொத்தமே இரண்டு கம்ப்யூட்டர்தான். ஒன்று அவள் முன்னால் இருந்தது. கவுண்டரில் இருந்த மற்றது திங்கட்கிழமையே ரிப்பேருக்குப் போய்விட்டது. அது இருந்த இடம் மேசையில் தூசி படாத சதுரமாகத் தெரிந்தது.

கோப்பு இருப்பது இசட் டிரைவில். அதாவது, கவுண்டர் கம்ப்யூட்டரிலுள்ள ஒரு ஃபோல்டர்; காலையில் இவள் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வயர் வழியாகத் தானே வந்து டிரைவாக ஒட்டிக்கொள்ளும்படி முதலாளி வைத்திருந்தார். ஒட்டிக்கொள்ளுமாம்! அந்தக் கம்ப்யூட்டர் இருந்த நாளெல்லாம் சிவப்புக் குறி போட்டு முறைத்துக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் தப்பு என்று சொல்லும். எத்தனை காலைகள் அதோடு மல்லுக்கட்டியிருப்பாள்! இப்போது அந்தக் கழுதையே ஊரில் இல்லை. இசட் மட்டும் பச்சை வயர் படத்தோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

முதலாளி வெங்கடகிருஷ்ணனை போனில் கூப்பிட்டாள்.

"சார், கவுண்டர் கம்ப்யூட்டரு சரியாயிட்டா? எங்கயாவது ஆன் பண்ணி வெச்சிருக்கா?"

"எங்கேம்மா. ஹார்ட் டிஸ்கையே கழட்டி டேபிள்ல வெச்சிருக்கான். இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

"இசட் கனெக்ட் ஆயி கெடக்கு சார்."

"ஆகாதும்மா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

பெரிய வைத்தியம். செய்தாள். இசட் மறுபடியும் வந்து நின்றது.

கீழே கணபதி கோயிலில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சிதறலும் மாடிப்படி வழியாக ஏறி வந்து, மை நாற்றம் தேங்கிய அறைக்குள் எங்கோ முட்டி நின்றது. மூன்று மணி வெயில் ஜன்னலில் காய்ந்தது. பின்னால், கட்டில் நீளத்துக்குக் கிடந்த அச்சு எந்திரம் சும்மாயிருக்கும்போது போடும் முனகலைப் போட்டுக்கொண்டிருந்தது. இன்று அது கொஞ்சம் இழுத்து முனகுவதுபோல அவளுக்குப் பட்டது.

அந்தக் கோப்பில் அவள் மாற்ற நினைத்தது ஒரே ஒரு படம். இந்த ஊரில் ஒருவர் கண் மூடினால் இரண்டு மணி நேரத்தில் தெருமுக்கில் அஞ்சலி போர்டு நிற்க வேண்டும். அதனால் மாலை, விளக்கு எல்லாம் வைத்து ஒரு மாதிரிப் போர்டு கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பேரையும் முகத்தையும் மாற்றினால் போதும். அளவு பார்க்க ஏதாவது ஒரு முகம் அதில் இருக்க வேண்டுமே. முதலில் கீழே டீக்கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் முகத்தை வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தார் மனுஷன். சித்திரையில் அவர் போய்ச் சேர்ந்ததும், அதை எடுத்துவிட்டு கைக்குக் கிடைத்த தன் புருஷன் படத்தை வைத்தாள். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செல்வகணேஷ் அதை அவள் போனில் பார்த்துவிட்டான். முதலில் சிரித்தான். பிறகு தட்டை நகர்த்தி வைத்தான். "எடுத்துருட்டி," என்றான், அவ்வளவுதான். எடுத்துவிடுகிறேன் என்று அவன் தலையில் கை வைத்துச் சொன்னாள். நான்கு நாளாகிறது. இந்தச் சனியன் பிடித்த டிரைவ் விட்டால்தானே!

டிரைவைத் துண்டித்தாள். போனது, வந்தது. வயரைப் பிடுங்கினாள். வயரின் நுனி அவள் கையில் இருந்தது. இசட் பச்சையாக இருந்தது.

எரிச்சல் எங்கேயோ போய்விட்டது.

இசட்டுக்குள் 'அச்சுக்கு' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் விழுவதை எந்திரம் தானே எடுத்து அடித்துவிடும். திறந்தாள். இரண்டு கோப்புகள். முதலாவது அண்ணாச்சியின் அஞ்சலி போர்டு. அவள் அதைப் போடவேயில்லை; முக்கில் நின்ற போர்டை வேறு கடையில்தான் அடித்தார்கள். தேதி, அவர் செத்த நாள். நேரம், காலை பத்து நாற்பது. அண்ணாச்சி டீ வடிகட்டியோடு சரிந்து விழுந்தது பதினொன்றுக்கு. இவள்தான் தண்ணீர் கொண்டு ஓடினாள்.

இரண்டாவதில் செல்வகணேஷ். தேதி, இன்று.

பின்னால் எந்திரம் விழித்துக்கொண்டது.

அதன் மைப்பெட்டி இடமிருந்து வலம் ஓடியது. திரும்பியது. ஓட்டத்துக்கு ஒரு விரல் அகலம் படம் ஃபிளெக்ஸில் விழுந்தது. மாலை. முடி. நெற்றி. சுஜாவின் விரல்கள் போனில் அவன் பெயரைத் தேடித் தவறின. கடைசியில் மணி அடித்தது. எடுத்தான். பின்னால், அவன் வேலை பார்க்கும் விழிஞ்ஞம் துறைமுகத்துக் காற்றும் இரும்புச் சத்தமும் கேட்டன.

"என்னட்டி, வேலை நேரத்துல?"

"எங்க நிக்கிய? மேல ஏறியிருந்தா கீழ எறங்கிருங்க."

"கீழதான் நிக்கேன். தலைதான் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. வெயிலு."

புருவம். மைப்பெட்டி திரும்பியது. கண்.

"சுஜா." அவன் குரல் மாறியிருந்தது. "வெயிலு போயிட்டு. ஒண்ணும் தெரியல. பக்கத்துல ஆளு பேசுறது கேக்கு, ஆளக் காணல."

"அசையாம நில்லுங்க. நான் நிறுத்திருதேன்."

"என்னத்த நிறுத்துக?"

மூக்கு. அவள் சுவரை நோக்கி ஓடினாள். மேல் உதடு. மெயின் சுவிட்சை இழுத்தாள்.

விளக்கு போனது. ஃபேன் தளர்ந்தது. மைப்பெட்டி பாதி வழியில் நின்றது. மேல் உதட்டுக்குக் கீழே ஃபிளெக்ஸ் வெள்ளையாக இருந்தது.

"கேக்குதா? நிறுத்தியாச்சு. பேசுங்க."

"ம்."

"வாயத் தொறந்து பேசுங்க."

"ம்ம். ம்ம்ம்."

வார்த்தை இல்லை. அந்த முனகல் மட்டும், கெஞ்சுவதுபோல, விடாமல். ஓடவிட்டால் வாயும் முடிந்து, அண்ணாச்சியைப் போல ஆளும் முடிந்துவிடுவான். விடாவிட்டால் இப்படியே.

"நான் என்ன செய்ய?" என்று கேட்டாள் சுஜா. "சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

ஃபிளெக்ஸில் மை இன்னும் காயவில்லை. அவள் குரல் வந்த பக்கமாக அந்த இரண்டு கண்களும் மெல்லத் திரும்பி, சுவிட்சின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தன.