இலவசக் கைக்கூட்டம்

காலை பத்து ஐம்பத்தாறு. கூட்டம் தொடங்க இன்னும் நான்கு நிமிடம். சோலைராணி வளையல்களைக் கழற்றி வைத்திருந்தாள். முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது மணிக்கட்டில் நரம்புக்காப்பு பச்சையாக மினுங்கியது.

"மூக்கச் சொறியக் கூடாது." கணவன் பொன்னுராஜ் பட்டியலை வைத்துக்கொண்டு வாசித்தான்.

"மாட்டேன்."

"நெத்தியத் தொடைக்கக் கூடாது. முந்தானைய இழுத்துவிடக் கூடாது."

"ஏங்க, மூச்சு விடலாமா?"

"கையால விடாத வரைக்கும் விட்டுக்க."

அந்த ஆண்டு சாத்தூரில் கடை வைத்திருந்த எல்லாரும் இலவசக் கைக்கூட்டம் நடத்தினார்கள். முன்பெல்லாம் இணையத்தில் கூட்டம் போட்டால் ஜனங்கள் பார்த்தார்கள், பாதியில் நழுவிப் போனார்கள். நரம்புக்காப்பு வந்தபின் பார்ப்பது போய்ச் செய்வது வந்தது. நடத்துகிறவரின் மணிக்கட்டில் ஓடும் துடிப்பு, வந்திருக்கும் எல்லாருடைய மணிக்கட்டிலும் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு அவர் கைதான் அவர்கள் கை. முடிந்ததும் வித்தை கலைந்துவிடும். மறுபடி வேண்டுமென்றால் சரக்கை வாங்க வேண்டும். பொட்டலத்தோடு கையசைவும் வரும். இலவசத்தின் சூட்சுமம் அவ்வளவுதான்.

ஒரே ஒரு தொல்லை. மனம் வைத்துச் செய்வது கலைந்துவிடும். மனம் வைக்காமல் கை தானாகச் செய்வது ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒரு சோப்புக்காரர் பேச்சுக்கு நடுவே நெட்டி முறித்தார். மூவாயிரம் பேர் இன்னும் முறித்துக்கொண்டிருக்கிறார்கள். சோப்பு ஒருவரும் வாங்கவில்லை.

சோலைராணிக்கு இருந்தது இந்த ஒரு கூட்டம். சேவுக்கடை ஈயோட்டியது. ஓசூரில் ஒரு தொழிற்சாலை கணவன் மனைவி இருவருக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் நூறு பேர் சேவு மாவு வாங்கினால் கடை. இல்லாவிட்டால் ஓசூர். பேசி முடிவுசெய்திருந்தார்கள். பொன்னுராஜ் லாரி எடைமேடையில் வேலை பார்ப்பவன். நூறு என்றால் அவனுக்கு நூறு.

பதினொன்றுக்கு நாலாயிரத்து இருநூறு மணிக்கட்டுகள் சேர்ந்தன. சரிபார்ப்பதற்காகப் பொன்னுராஜும் ஒரு காப்பு மாட்டிக்கொண்டான்.

அவள் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் கண்கரண்டியைப் பிடித்தாள். மாவை வைத்தாள். உள்ளங்கையால் ஒரே தேய்ப்பு. சேவு இழை இழையாக விழுந்து பொரிந்தது. நாலாயிரம் அடுப்படிகளில் அதே இழை விழுந்தது. திரையில் கூச்சல்.

"யாத்தே, எங் கையா இது!" என்றது ஒரு குரல்.

"என் கை, அக்கா. பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்க," என்றாள் சோலைராணி.

கடைசியில் இருநூறு கிராம் நிறுத்து, பொட்டலம் கட்டி, கும்பிட்டாள். பொன்னுராஜ் பட்டியலை மடித்தான்.

"ஒரு தப்பு இல்ல."

அன்றைக்கு நாற்பத்தொரு பேர் மாவு கேட்டார்கள்.

முதல் அழைப்பு திங்கட்கிழமை வந்தது.

"மேடம், நான் கும்பகோணத்துல நகைக்கடையில எடை போடுறவன். உங்க கூட்டத்துக்கு வந்தேன். ஒரு பவுன் கேட்டா கை ஒரு பவுனோட நிக்க மாட்டேங்குது. ஒரு குண்டுமணி தூக்கிப் போட்டுருது."

"ஐயோ!"

"முதலாளி என்னை டீ வாங்குற வேலையில போட்டுட்டாரு. டீக்கடைக்காரரும் உங்க கூட்டத்துக்கு வந்தவரு. நாலு டீ சொன்னா அஞ்சு குடுக்குறாரு."

அடுத்து ஈரோட்டுத் துணிக்கடைக்காரர். மீட்டரை அளந்தபின் ஒரு சாண் தள்ளித்தான் அவர் கத்தரி இறங்கியது. தேனியில் ஒரு வாத்தியார் எல்லா விடைத்தாளிலும் கூட்டிப் போட்டபின் இரண்டு மதிப்பெண் சேர்த்தார். பிள்ளைகள் அவரைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

கணவனும் மனைவியும் கூட்டத்தின் பதிவை ஓடவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் பொன்னுராஜ் நிறுத்தினான். தராசு இருநூறு காட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் கை சேவுக் குவியலுக்குப் போய் ஒரு சிறங்கை அள்ளி மேலே போட்டிருந்தது.

"கொசுறு!" என்றான். "இந்தப் பழக்கத்த ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பழக்கமா? எடை போடுறதுன்னாலே அதானங்க?"

அவன் பட்டியலை எடுத்து மறுபடி படித்தான். அதில் முந்தானை இருந்தது, மூக்கு இருந்தது. கொசுறு இல்லை. அவனும் சாத்தூர்க்காரன்தான். அவனுக்கும் அது தோன்றவில்லை.

"ஒங்க கை எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கு. எடமேடையில மெஷினு நிறுக்குது. அள்ளிப்போட அங்க என்ன கிடக்கு, லாரியா?"

கொசுறு வாங்கியவர்கள் அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். புதன்கிழமை மாவுக் கணக்கு எழுபதைத் தொட்டது. வியாழன் தொண்ணூற்றாறு. சோலைராணி கடைக்குள் தனியாக ஒரு ஆட்டம் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கணக்கு தொண்ணூற்றொன்பதில் நின்றுபோனது. ஏற்கெனவே வாங்கிய ஒரு அம்மாளை அழைத்து, தெருவில் வேறு யாருக்காவது வேண்டுமா என்று கேட்டாள்.

"எதுக்குத் தாயி? நான் சேவு போட்டா எல்லா வீட்டுக்கும் அள்ளி அள்ளிக் குடுத்துருதேன். அவுகளுக்கு மாவு எதுக்கு?"

அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஓசை இல்லாமல், தோள் குலுங்க. தன் கையே தன் கடைக்குப் போட்டி.

ஞாயிறு மாலை நாலரை. தொண்ணூற்றொன்பது. எண் அசையவில்லை. சோலைராணி சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாள். கண்கரண்டியைத் துணியில் சுற்றினாள்.

"சொன்னாச் சொன்னதுதாங்க. ஓசூருலயும் ஜனங்க சேவு திம்பாக."

பொன்னுராஜ் திரைக்கு முன் உட்கார்ந்தான். ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது பெயர்களை விரல் வைத்து எண்ணத் தொடங்கினான். எடைமேடையில் நின்றவனுக்கு இரண்டு முறை சரிபார்க்காமல் கணக்கை மூட வராது.

"தொண்ணூத்தேழு. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது. அவ்வளவுதான்."

கணக்கை மூடும் பொத்தானுக்குப் போன கை வழியில் திரும்பியது. சாவகாசமாக, யாரிடமும் கேட்காமல், புது வரி ஒன்றைத் திறந்து அழுத்தியது. திரையில் நூறாவது பெயர் விழுந்தது: பொன்னுராஜ், சாத்தூர்.

சோலைராணி கரண்டியோடு ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கரண்டியைச் சுற்றிய துணி கழன்று தரையில் விழுந்தது.

"சிரிக்காத ராணி," என்றான். அவனுக்கும் அடங்கவில்லை. "நெசத்தச் சொல்லு. இப்பக் குடுத்தது நானா, ஒங் கையா?"