போயிட்டு வாங்க

அன்றைக்கும் தூத்துக்குடி வானொலியில் பக்திப் பாட்டு முடிந்ததும் ஓங்கில்கள் சொன்ன கடல் நிலவரத்தை வாசித்தார்கள். முயல் தீவுக்குக் கிழக்கே சாளை மீன் கூட்டமாக வருகிறது. மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும். வானிலை அலுவலகம் சொன்னதையும் வாசித்தார்கள், பாவம், ஒரு மரியாதைக்கு. டால்பினுக்கு ஓங்கில் என்று தமிழில் பெயர் இருப்பதே படித்தவர்களுக்கு அவை பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

பேச வைத்தது ஒலிபெயர்ப்பி. கடலடியில் பதித்த நீர்க்காதுகள் ஓங்கில்களின் சீழ்க்கையையும் சொடுக்கையும் பிடித்து அனுப்பும். ஒலிபெயர்ப்பி அதைத் தமிழாக்கும். நம் தமிழைச் சீழ்க்கையாக்கித் தண்ணீருக்குள் விடும். சொன்னதை அப்படியே சொல்லும். சொந்தச் சாமர்த்தியம் மருந்துக்கும் கிடையாது. அதனால்தான் அரசாங்கம் அதை நம்பியது.

அதை உருவாக்கியவள் எமரன்சியா மச்சாது. கடல் ஒலியியல் படித்தவள், கடற்கரைத் தெருக்காரி. ஓங்கில்களுக்குப் பொய் தெரியாது என்று முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒலியை அனுப்பி அடுத்ததன் வயிற்றுக்குள் இருப்பதையே பார்த்துவிடுகிற பிராணிகளிடம் எதை ஒளிப்பது? லூர்து என்று மீனவர்கள் பெயர் வைத்திருந்த பெண் ஓங்கில் சினையாக இருக்கும் சேதி அப்படித்தான் எமரன்சியாவுக்கு வந்தது. சொன்னது லூர்து இல்லை, கூட இருந்தவை. அன்று அவள் ஆய்வகம் முழுக்க லட்டு கொடுத்தாள்.

இப்போது லூர்துக்கு நாள் நெருங்கிவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தான் துறைமுகக் கால்வாயில் ஒரு பாறையைத் தகர்க்க வேண்டும் என்றார்கள். கடலுக்குள் வெடி வெடித்தால் அதன் அதிர்ச்சி ஓங்கிலின் காதைக் கிழித்துவிடும். பக்கத்தில் இருந்தால் உயிரே போகும்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம், கிளம்பிரும்," என்றார் துறைமுகப் பொறியாளர் குற்றாலிங்கம். பாளையங்கோட்டைக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

எமரன்சியா ஒலிவாங்கியை எடுத்தாள். விஷயத்தை விளக்கினாள். வெடி என்றாள், ஆபத்து என்றாள். கடைசியில் லூர்திடம் தனியாக, நிறைமாதத் தங்கையை வழியனுப்புகிற குரலில், "போயிட்டு வாங்க," என்றாள்.

வேறெப்படிச் சொல்வாள்? வாசல் தாண்டுகிறவரைப் பார்த்து நம் ஊரில் யார் 'போ' என்பார்கள்? அதுவும் பிள்ளைத்தாய்ச்சியிடம்! அவள் அம்மா காதில் விழுந்திருந்தால் வாயைக் கழுவச் சொல்லியிருப்பாள்.

ஓங்கில்கள் கிளம்பின. நீர்க்காதுகளில் சீழ்க்கை தேய்ந்து மறைந்தது. சங்கு ஊதினார்கள். கடலடியில் வெடிச்சரத்தின் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. இனி அதைத் தொடவேண்டுமானால் ஆள் மூழ்கித்தான் போகவேண்டும், போகிறவன் திரும்ப மாட்டான்.

அப்போது சீழ்க்கை மறுபடி கேட்டது.

"போனோம். வருகிறோம்," என்றது ஒலிபெயர்ப்பி, தன் தட்டையான குரலில்.

"ஐயையோ! ஏன் திரும்புது?" குற்றாலிங்கம் எழுந்தே விட்டார்.

எமரன்சியாவுக்குப் புரிந்துவிட்டது. "நான்தான் அண்ணாச்சி வரச் சொன்னேன். போயிட்டு வாங்கன்னேன். போச்சு, வருது."

ஒலிவாங்கியைப் பிடித்துக் கத்தினாள். "போங்க! வராதீங்க! இப்ப வராதீங்க!"

ஒலிபெயர்ப்பி அனுப்பவில்லை, நிதானமாகக் கேட்டது: "இவர்கள் மொழியில் 'வராதே' என்பதற்குக் காலம் கிடையாது. என்றைக்கும் என்றே கேட்கும். அனுப்பலாமா?"

குற்றாலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"அனுப்பித் தொலை."

சீழ்க்கை சட்டென்று நின்றது. பாறை வெடித்துத் தண்ணீர் எழும்பி அடங்கியது. செத்து மிதந்தவை மீன்கள் மட்டும்தான். ஓங்கில் ஒன்றுகூட இல்லை.

அதன் பிறகும் இல்லை. ஓங்கில்கள் கேட்டதைக் கேட்டபடி அடுத்த கூட்டத்துக்குச் சொல்லும். ராமேஸ்வரம் வரை கடல் ஊமையாகிவிட்டது. வானொலி வானிலை அலுவலகத்திடமே திரும்பிப் போனது. தண்ணீரின் நிறம் பார்த்து மீன் இருக்கும் இடம் சொல்வதை எப்போதோ மறந்திருந்த ஊர் வெறும் வலையோடு கரையேறியது. கலெக்டர் அலுவலக வாசலில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஓங்கில்களை எப்படியாவது கூட்டி வா என்று எமரன்சியாவுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், கன்னியாகுமரிக்குத் தெற்கே சீழ்க்கை கேட்டதாகத் தகவல். எமரன்சியாவும் குற்றாலிங்கமும் படகில் போனார்கள். நீர்க்காதை இறக்கியதும் அவளுக்குத் தெரிந்த குரல்கள்தான் கேட்டன. அவள் பெயரைக்கூட அவள் சொல்லவேண்டி இருக்கவில்லை.

"வா என்றாய். வராதே என்றாய். எது நிஜம்?"

"ஒண்ணும் ஆகாது, வாங்கன்னு சொல்லுங்க மேடம்," குற்றாலிங்கம் கிசுகிசுத்தார். "ஊரே உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

சொல்லிவிடத்தான் ஆசை. இத்தனை நாள் அதற்காகத்தானே தூக்கமில்லாமல் கிடந்தாள்?

"வெடி வேலை முடிஞ்சுதா அண்ணாச்சி?"

அவர் கடலைப் பார்த்தார். "தை பிறந்தா வடக்குப் பக்கம் இன்னொரு பாறை இருக்கு. அப்ப பதமா சொல்லிக்கிடலாம்."

"பதமா," என்றாள் எமரன்சியா. பிறகு ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"வராதீங்க."

"காலம் கிடையாது. அனுப்பலாமா?"

"அனுப்பு."

"மேடம்! என்ன காரியம் பண்ணுதீங்க!"

அதற்குள் கடலிலிருந்து கேள்வி வந்தது.

"இது நிஜமா?"

"நிஜம்."

லூர்தின் சீழ்க்கை கேட்டது. அதை ஒட்டியே இன்னொன்று, மெலிதாக, சுருதி சேராமல், பாதியில் உடைந்து மறுபடி எழுந்தது. ஒலிபெயர்ப்பி தடுமாறியது. "புதிய பெயர். இதற்குத் தமிழ் இல்லை."

எமரன்சியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

"என்ன மேடம் சொல்லுது? வருதாமா?"

"குட்டி பிறந்துட்டு அண்ணாச்சி."

"அட! அதையெல்லாம் நம்மகிட்ட சொல்லுதுன்னா கோவம் போயிட்டுன்னு அர்த்தம். அப்ப வந்துரும்."

"வராது," என்றாள். "இப்பதான் நம்ம பேச்சை நம்புது."